லயத்து நாய்க்கு எதுக்கு பிஸ்கட்

நாயை அடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்று இனி என் வீட்டு வாசலில் நின்று யாரும் சொல்ல வேண்டாம். என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளம் பிள்ளைகள் இந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. நாம்தான் வருகிறோம்.

போன வாரம் வந்தவர் எங்கள் தெருக்காரர். லொறி ஓட்டி ஓய்ந்தவர். நம்மைப் போலவே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பிறகு பதுளை டவுனுக்கு இறங்கி வந்தவர். மகள் வளர்க்கும் நாய்க்குட்டி ஓடிப்போய் அவர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில் கால் வைத்துவிட்டது. அவர் உடனே குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"என்னங்க இது, குட்டிய தலைமேல ஏத்தி வச்சிருக்கீங்க. மூக்குல ரெண்டு போட்டா அடங்கிரும்."

"செருப்பக் கீழ போடுங்க அங்கிள்" என்றாள் மகள். "அது பாயிறப்ப பேசாம அங்கிட்டுத் திரும்பி நின்னுக்குங்க. நாலு காலும் தரைக்கு வந்ததும் இதக் குடுங்க."

அவித்த கோழியிறைச்சியில் ஒரு நூல் பிய்த்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"நாய்க்கு லஞ்சமா? நீங்க சொல்லுங்கம்மா, நம்ம லயத்துல எத்தன நாய் வளத்தோம். ஒன்னாச்சும் கோழிக்கறி கேட்டுச்சா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என்னிடம் கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. கேட்டைச் சாத்திவிட்டேன். பிறகு, அவர் மனைவி இனி என்னோடு பேசுவாரா, கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்று நானே கிடந்து புழுங்கினேன். என் சுபாவம் அப்படி. மகளுடைய பஸ் கொஞ்சம் பிந்தினால் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று நினைக்கிற ஆள் நான். ஆனால் இந்த விஷயத்தில் புழுக்கம் போன பிறகும் கோபம் போகவில்லை. வாயால் சொல்ல வராததை எழுதுகிறேன். அதிகம் படித்த கை இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் மகள் திருத்துவாள். கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழே இருந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. தகரக் கூரை மேல் வைத்த கற்கள் உருளும். தேயிலைக்கு நடுவில் செம்மண் எழும்பி, சோற்றில் பல்லுக்குப் பல் மண் கடிபடும். உதடு வெடிக்கும். கொழுந்து வளராது, வேலை குறையும், வேலை குறைந்தால் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் நியாயம் பேசுவார்கள். அப்படி ஒரு கச்சான் காலத்தில்தான் மாமா ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பி அவர். துரை பங்களாவில் வேலை. பூப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது, துரையின் இரண்டு அல்சேஷன் நாய்களையும் பார்த்துக்கொள்வது.

குட்டி மண்ணிறம். நெற்றியில் மட்டும் விரல் வைத்தாற்போல் வெள்ளை. பொட்டு என்று பெயர் வைத்தேன். ஆண் நாய்க்குப் பொட்டா என்று லயமே சிரித்தது. வரிசையாகப் பத்துக் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடத்தில் ஒரு பெயர் வைப்பதற்குக்கூடப் பத்துப் பேரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

வந்த அன்றே வளர்ப்பு தொடங்கியது. உங்களுக்குத் தெரிந்த வளர்ப்புத்தான். வீட்டுக்குள் மூத்திரம் பெய்தால் அதிலேயே மூக்கை வைத்துத் தேய்ப்பது. செருப்பைக் கடித்தால் அந்தச் செருப்பாலேயே அடிப்பது. கோழியைத் துரத்தினால் மிளகாய்த்தூள். கூப்பிட்டு வரத் தாமதித்தால் ஒரு அடி. தாமதித்து வந்தாலும் ஒரு அடி. அந்த இரண்டாவது அடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வந்த பிறகு அடித்தால், வரக் கூடாது என்றுதானே அது படிக்கும்? ஏன் ஒருவருக்கும் இது தோன்றவில்லை? தேயிலைச் செடியை எந்தக் கணுவில் வெட்டினால் எந்தப் பக்கம் துளிர்க்கும் என்று தெரிந்த மனிதர்கள் அவர்கள்.

மாமாவும் அப்பாவும் பேசிக்கொண்டார்கள்.

"மச்சான், குட்டியிலேயே முறிச்சிறனும். வளந்தா கை மீறிரும்."

"முறிங்க. ஆனா கால முறிச்சிராதீங்க, காவலுக்கு வேணும்" என்றார் அப்பா. அவருக்கு அது நகைச்சுவை.

குட்டி வளர்ந்து நாயானபோது அது என்ன படித்திருந்தது என்று சொல்கிறேன். கையை உயர்த்தினால் படுத்து மூத்திரம் விடும். தடி பிடித்தவன் யாராயிருந்தாலும் கொலைவெறியோடு குரைக்கும். அவ்வளவுதான். அடித்தவர் கையில் எப்போதும் தடி இருந்தது. அதனால் தடி என்றால் அடி. நாய் கணக்கைச் சரியாகப் போட்டது. பெரியவர்கள் மட்டும் "இந்த நாய்க்கு என்னமோ கேடு" என்றார்கள்.

லயத்துக்குத் தடியோடு வருகிறவர் யார்? கணக்குப்பிள்ளை. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவர். மழை வெயில் எதுவானாலும் மடித்த கறுப்புக் குடையைத் தடியைப் போல ஊன்றிக்கொண்டு வருவார். எங்கள் அப்பாவோ தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. அந்த வாசலில் அந்த நாய். ஒரு நாள் பொட்டு சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்ந்ததில் குடைத்துணி கிழிந்தது.

"தலைவரே, சங்கத்துல கொலைக்க நீங்க இருக்கீங்க. வாசல்ல கொலைக்க வேற ஆளு போட்டிருக்கீங்களா?" என்றார் கணக்குப்பிள்ளை.

அதோடு விடவில்லை.

"தோட்டத்துல நாய் சுட ஆள் வரப்போகுது. இன்னொரு தடவ எம்மேல பாஞ்சா, மொதல்ல இந்த வாசலத்தான் காட்டுவேன். அப்புறம் சங்கத்துல போய்ச் சொல்லுங்க, நாயச் சுட்டுட்டாங்கன்னு."

நாய் சுடுகிறவர் வருவது நமக்குத் தெரியும். வந்தால் லயம் முழுக்க நாய்களை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவோம். யார் வாசல் காட்டப்படுகிறதோ அந்த வீட்டு நாய் போச்சு. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குடை மலைப்பாதையில் தெரிகிறதா என்று பார்ப்பதே என் வேலையாயிற்று. அப்பாவிடம் கேட்டால் "கட்டிப் போடு" என்பார். கட்டிப் போட்டால் அது இன்னும் குரைத்தது. மாமாவிடம் கேட்டால் "குடுக்கிற அடி பத்தல" என்பார்.

ஒரு நாள் மாமாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க அம்மா என்னைப் பங்களாவுக்கு அனுப்பினார். பின்பக்கம் புல்வெளியில் மாமா நின்றுகொண்டிருந்தார். முன்னால் இரண்டு அல்சேஷன்கள். மாமாவின் இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை. அதிலிருந்து மாரி பிஸ்கட்டை நான்காக உடைத்து எடுத்தார்.

"சிட்" என்றார். என் மாமாவின் குரல்தானா என்று எனக்குச் சந்தேகம். பூவைத் தொடுகிற குரல். நாய்கள் உட்கார்ந்தன. உடனே ஆளுக்கு ஒரு துண்டு. "ஸ்டே" என்று பின்னால் நகர்ந்தார். ஒரு நாய் எழும்பிவிட்டது. மாமா திட்டவில்லை. அந்தத் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிட்டே வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தோட்டக்காரன் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போனான். ஒரு நாய் அவனைப் பார்த்து உறுமத் தொடங்க, மாமா அதை மெல்லத் தூர அழைத்துப் போனார். உறுமல் நின்ற இடத்தில் பிஸ்கட் கொடுத்தார். ஒரு அடி முன்னால் வந்தார். மறுபடி பிஸ்கட். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி பக்கத்தில் வந்தும் அந்த நாய் மாமாவின் பையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது.

எல்லாம் தெரிந்திருந்தது அந்த மனிதருக்கு. இன்றைக்கு மகள் போனில் பார்த்துப் படிக்கிற அத்தனையும். துரையம்மா சொல்லிக்கொடுத்தது.

"மாமா, நீங்க இதுகள அடிக்கிறதே இல்லையா?"

"அடிச்சா துரையம்மா என்னய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

"அப்போ பொட்டுக்கும் இப்புடிக் குடுத்தாப் படியுமா?"

மாமா வாயில் சோற்றோடு சிரித்தார்.

"இது சாதி நாய் புள்ள. காயிதத்தோட கப்பல்ல வந்த பரம்பர. இத அடிச்சாக் கெட்டுப் போயிரும். நம்ம நாய அடிக்காட்டித்தான் கெட்டுப் போயிரும். லயத்து நாய்க்கு எதுக்கு பிஸ்கட்டு?"

கேட்டீர்களா? இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் அடித்தவர்கள் மேல் கோபப்பட்டு என்ன பயன். இவருக்குத் தெரியும். காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை. மேலே இருப்பதற்கு ஒரு முறை, கீழே இருப்பதற்கு ஒரு முறை. அப்படி வைத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை மலைப்பாதை வழியாகச் சுமந்து கீழே கொண்டுவந்தவர்கள் நம்முடைய ஆட்கள். நம்முடைய நாய், நம்முடைய பிள்ளை, எல்லாம் அடிக்குத்தான் படியும் என்று நம்மைப்பற்றி நாமே சொல்லிக்கொண்டோம். துரை பிள்ளைகள் மேல் ஆயா கை வைத்ததை யாராவது பார்த்தோமா? அதே ஆயா வீட்டுக்கு வந்து தன் பிள்ளையை விறகுக் கட்டையால் அடித்ததைப் பார்க்காதவர் யார்?

நான் பிஸ்கட்டுக்கு எங்கே போவேன். ரொட்டி விளிம்பு கிடைத்தது. கருகிப்போன தேங்காய் ரொட்டியின் விளிம்பு. அம்மா வேலைக்குப் போன பிறகு, பள்ளி விட்டு வந்ததும், பொட்டுவைப் பீலிக்கரைக்குப் பின்னால் கூட்டிப்போவேன். பீலித் தண்ணீர் கல்லில் விழும் சத்தத்தில் எங்களை யாருக்கும் கேட்காது. நாக்கை மேலண்ணத்தில் தட்டி டொக் என்று ஒரு சத்தம் எழுப்புவேன். அது திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு. என்னிடம் வந்தால் ஒரு துண்டு. என்ன குற்றம் செய்துவிட்டு வந்தாலும் வந்ததற்கு ஒரு துண்டு. சீக்கிரத்திலேயே அந்தச் சத்தம் கேட்டால் கோழியைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தது.

பிறகு குடை. கோப்பிக் கம்பில் அம்மாவின் பழைய கறுப்புப் பாவாடைத் துணியைச் சுற்றிக் கட்டினேன். முதலில் அதைத் தூரத்துக் கல்லில் சாத்தி வைத்தேன். பொட்டுவுக்கு முதுகு மயிர் எழும்பியது. இன்னும் தூரமாய்க் கூட்டிப்போனேன். மயிர் படுத்தது. ரொட்டி. கொஞ்சம் கிட்டே. ரொட்டி. உறுமினால் நான் பின்வாங்கிவிடுவேன். மாமா பங்களாவில் செய்ததைத்தான் செய்தேன். அதற்குப் பிடிக்காதபோது உறுமியது, நான் கேட்டேன், அவ்வளவுதான்.

அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"என்னடி, நாய்க்குப் பள்ளிக்கூடம் நடத்துறியா?"

"கணக்குப்பிள்ளை ஐயா வந்தா கொலைக்காம இருக்கத்தான்மா."

"ஒங்கப்பா பாத்தா ஒனக்கும் அதுக்கும் சேத்து நடத்துவாரு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் அடுத்த நாள் ரொட்டி விளிம்புகள் சிரட்டையில் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அம்மாமேல் மட்டும் எனக்குக் கோபமில்லை என்று சொல்ல ஆசை. அதுவும் முழு உண்மையில்லை. பின்னால் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது.

கணக்குப்பிள்ளை வந்த அன்று நான் வாசலில் இருந்தேன். குடை தெரிந்ததும் டொக் என்றேன். பொட்டு குடையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. குந்தியது. குடை எங்கள் வாசலைக் கடந்து போகும்வரை அதன் கண் என் கையில்தான் இருந்தது. நான் விடாமல் ஊட்டிக்கொண்டே இருந்தேன்.

கணக்குப்பிள்ளை நின்று பார்த்தார். "இது அந்த நாயா?" என்றார். "பரவாயில்லையே." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாய் பிழைத்தது என்று நினைத்தேன்.

அதை லயமே பார்த்திருந்தது. மறுநாள் காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் களம், அங்கே ஆண்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தலைவர் வீட்டு நாய் நல்லாப் பழகிருச்சு. கொடையக் கண்டா குந்திருது."

"வளத்தவரு எப்புடியோ அப்புடி."

"சங்கத்துல நின்னு பேசுறாரு. வீட்ல குந்திக் கும்புடு போடச் சொல்லிக் குடுக்கிறாரு போல."

சும்மா கிண்டல்தான். நம் ஆட்கள் எதைத்தான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அப்பா கறுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். கணக்குப்பிள்ளையைக் கண்டு குரைத்தால் நாயைச் சுடுவார்கள். குரைக்காவிட்டால் அப்பாவின் மானம் போகும். ஒரு நாய் எங்கேதான் போகும்? என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அது கும்பிடு போடவில்லை, ரொட்டி தின்றது என்று. யாரும் கேட்கவில்லை. அப்பா மாமாவைக் கூப்பிட்டார்.

"மச்சான், நாய் ரோசமத்துப் போச்சு."

"புள்ள ஊட்டி ஊட்டிக் கெடுத்துருச்சு. விடுங்க, ரோசம் வர வைப்போம்."

ரோசம் வர வைக்கும் மருந்து உங்களுக்குத் தெரியும். குளவி. தேயிலைக்குள் கூடு கட்டி, கொழுந்தெடுக்கிற பெண்களைக் கொட்டிப் படுக்கையில் போடுமே, அந்தக் குளவி. கூட்டை நெருப்பில் வாட்டி, புழுவும் குளவியுமாகச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் நாய் குளவி மாதிரி ஆகுமாம். நான் பள்ளிக்குப் போயிருந்த நேரம் கொடுத்தார்கள். சாகாத குளவி ஒன்றிரண்டு இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு மாமா ஒரு குடையைக் கொண்டுவந்து, கட்டிப் போட்ட நாயைக் குடையாலேயே அடித்தாராம். குடையை மறக்கக் கூடாதல்லவா. வலியில் அது மாமாவைப் பார்த்து உறுமியிருக்கிறது. "வீட்டாளப் பாத்தே உறுமுறியா" என்று, உறுமல் நிற்கும்வரை அடித்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா இதையெல்லாம் எனக்கு ரசித்துச் சொன்னார்.

நான் வந்தபோது அதன் வாய் ஒரு பக்கம் வீங்கிக் கண்வரை ஏறியிருந்தது. புத்தகப் பையைக் கழற்றாமலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டொக் என்றேன். காது அசைந்தது. ரொட்டியை நீட்டினேன். அது உறுமவில்லை. உறுமியிருந்தால் நான் பின்வாங்கியிருப்பேன். உறுமினால் அடி என்று அன்றைக்குத்தான் அதற்குப் படிப்பித்திருந்தார்கள். அதனால் உறுமாமல் கடித்தது.

என் வலது கையில் பெருவிரலுக்குக் கீழே. பல் இறங்கிய தழும்பு இப்போதும் இருக்கிறது. நான் கத்தவில்லை. நாய்தான் ஒரு சத்தம் போட்டது. சங்கிலி மாட்டியிருந்த ஆணியையும் பிடுங்கிக்கொண்டு மானாப் புல்லுக்குள் ஓடிவிட்டது.

"கடிச்ச வாய் இனி நிக்காது" என்றார் மாமா.

"கட்டிப் போட்டாப் போதாதா தம்பி?" என்றார் அம்மா. ஒரு தடவைதான் சொன்னார். அப்பா திரும்பிப் பார்த்ததும் என் கைக்குத் துணி கிழிக்கப் போய்விட்டார்.

புல் ஆள் உயரம். உள்ளே போய்த் தேட அவர்களுக்குப் பயம். அப்போது மாமா என்ன செய்தார் தெரியுமா? பங்களாப் பையை எடுத்தார். புல்லோரத்தில் குந்தி, நாக்கைத் தட்டி டொக் என்றார். என் சத்தம். அதை அவர் எப்போது கேட்டு வைத்திருந்தாரோ. பொட்டு வந்தது. வந்ததற்கு அடிக்க மாட்டார்கள் என்று அதற்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். சங்கிலியை இழுத்துக்கொண்டு, வாய் வீங்கி, வந்து மாமா முன்னால் குந்தியது. மாமா ஒரு துண்டு மாரி பிஸ்கட்டைத் தரையில் வைத்தார். லயத்து நாய்க்கு அவர் பிஸ்கட் கொடுத்த ஒரே நாள் அது. அது குனிந்தபோது அப்பா பின்னாலிருந்து மண்வெட்டிப் பிடியால் போட்டார்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குமேல் எழுத மாட்டேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கையைக் கழுவிவிட்டு, பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டொக்டர் சிங்களத்தில் அப்பாவிடம் ஏதோ கேட்டார். அப்பா பெருமையாகத்தான் பதில் சொன்னார். டொக்டரின் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸி எனக்குப் புரியட்டும் என்பதுபோலத் தமிழில் சொன்னார்.

"நாய் எங்கேன்னு கேக்கிறாரு. கட்டிப் போட்டுப் பாத்திருக்கனும். கொஞ்ச நாள் அது நல்லா இருந்தா விசர், வெறி எதுவும் இல்லேன்னு தெரிஞ்சிருமே. ஊசியப் பாதியில நிப்பாட்டிருக்கலாம். இப்போ இந்தப் புள்ளைக்கு முழுசாப் போடனும்."

"அடிச்சுப் போட்டாச்சுங்களே மிஸி" என்றார் அப்பா.

"அதத்தான் ஏன்னு கேக்கிறாரு."



அந்தக் காலத்து ஊசி தொப்புளைச் சுற்றி. தெரியாதவர்களுக்குச் சொன்னால் வயிறு கூசும். தினமும் காலையில் பஸ் ஏறி, வெலிமடையிலிருந்து லீக்ஸ் காய்கறி மூட்டைகள் வந்து இறங்குகிற ஸ்டாண்டில் இறங்கி, ஆஸ்பத்திரி ஏற்றத்தில் நடக்க வேண்டும். முதல் நாள் நான்கு பேர் சேர்ந்து என்னை அமுக்கினார்கள். இரண்டாம் நாள் வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. மூன்றாம் நாள் அப்பா ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் ஒரு கிம்புலா பணிஸ் வாங்கினார். மேலே சீனி தூவிய நீள பணிஸ். அதை என் கையில் தரவில்லை. வாசலைத் தாண்டியதும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார். கட்டிலில் ஏறிப் படுத்ததும் ஒரு துண்டு. ஊசி வெளியே வந்ததும் சீனி அதிகமாயிருக்கிற நடுத்துண்டு. திட்டவில்லை. முடியைக் கோதிக்கொண்டு, "அவ்வளவுதான், அவ்வளவுதான் என் தங்கம்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் வீட்டில் கேட்டதில்லை.

சில நாளில் நானே ஏறிப் படுத்தேன்.

"ஒங்க மக நல்லாப் பழகிட்டா" என்றார் மிஸி.

"கெட்டிக்காரி" என்றார் அப்பா. அவருக்குப் பூரிப்பு.

அப்போது எனக்கு இனித்தது. இப்போது நினைத்தால் எரிகிறது. அவருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒரு துண்டு முன்னால், ஒரு துண்டு பின்னால், வயிற்றில் ஊசி வாங்கக்கூட ஒரு பிள்ளையைப் பழக்கலாம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே அதைக் கொண்டுவர அவருக்கு மனம் வரவில்லை.

ஊசி முடிந்தது. பள்ளிக்குப் போகாமல் நிறைய நாளாகிவிட்டது. எங்கள் பள்ளியில் வராத பிள்ளைக்கு முதலில் அடி, பிறகுதான் காரணம். அதனால் எனக்குப் போகப் பயம். அப்பா வருகிறேன் என்றார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். வழியெல்லாம் எனக்கு நிம்மதி. அப்பா சொல்வார், நாய் கடித்தது, ஆஸ்பத்திரி, ஊசி, எல்லாம் சொல்வார்.

தலைமையாசிரியர் பெரிய சார் மேசைக்குப் பின்னால் இருந்தார். அப்பா கைகட்டி நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோங்க சார். பாடமெல்லாம் விட்டுப் போச்சு." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "நீங்க யோசிக்காம அடிச்சுப் படிக்க வைங்க சார். கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க."

எல்லா அப்பாமாரும் சொல்கிற வாசகம்தான். உங்கள் அப்பாவும் சொல்லியிருப்பார். மரியாதைக்குச் சொல்வது. சாரும் சிரித்தார். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், நல்ல நாள் அது, இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"கைய நீட்டு" என்றார் சார். வலது கையில் கட்டு இருந்ததைப் பார்த்துவிட்டு, "சரி, மற்றக் கை" என்றார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் "நீட்டு புள்ள" என்பதுபோல் தலையை ஆட்டினார். நான் திரும்பி வெளியே நடந்தேன். அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சத்தமாகக் கூப்பிட்டார். கையை உயர்த்தியிருப்பார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. நான் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அதற்குப் பிறகு அந்தப் பள்ளிப் பக்கமும் போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போனேன்.

ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. உறவுக்காரர் யாராவது விசாரித்தால் அப்பா, சாகும்வரை, என் முன்னாலேயே வருத்தத்தோடு சொல்வார்.

"என்னத்தச் செய்ய. எவ்வளவோ அடிச்சுப் பாத்தாச்சு. புள்ளைக்குப் படிப்பு ஏறல."